நாலு மணிக்குப் போன கரண்ட்

போன வாரம் செம்பூரில் விளக்கு வாங்கப் போனேன். கரண்ட் போனால் என் மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதிதான், அவளுக்கு ஒப்பவில்லை. கடைக்காரன் பெட்ரோமாக்ஸ், அரிக்கேன், பேட்டரி விளக்கு எல்லாவற்றையும் பரப்பினான். "அந்தேரே மே தேகோ, சேட்", இருட்டில் பாருங்கள் என்று கடை பல்பை அணைத்தான். இருட்டில்தானே விளக்கின் யோக்கியதை தெரியும்! மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாசனை என்னை நேராகத் தாராவியில் கொண்டுபோய் இறக்கியது. யுத்த காலம். தகரக் கொட்டகை ஒன்றில் பட்டாளத்துக்குத் தோல் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு இருபது வயது. தையல் சுமார், வாய் பிரமாதம். பக்கத்துப் பலகையில் தோல் வெட்டுகிறவர் செல்லையா அண்ணாச்சி. தகர அச்சைத் தோல்மேல் வைத்து, இடது கட்டைவிரலை அதன் ஓரத்தில் ஓட்டிக்கொண்டே கத்தியை இழுப்பார். நூலளவும் பிசகாது.

அவருக்குக் கண் முழுக்கப் போய்விட்டது எனக்கு மட்டும் தெரியும். கறுப்புத் தோலா, பழுப்பா என்று நான்தான் காதில் சொல்வேன்.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா சோலி முடிஞ்சுதுலே. ஊருல மூணு பொட்டப்புள்ளய" என்பார். வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

மழைக்காலத்தில் கரண்ட் நினைத்தபோது போகும். வேலை நிற்கிறதே என்று முதலாளி பெட்ரோமாக்ஸ், கார்பைடு விளக்கு, அரிக்கேன் மூன்றையும் இரவல் வாங்கி வைத்தார். கரண்ட் போகட்டும், எது போதுமென்று பார்த்துவிடலாம் என்றார். அன்று நாலு மணிக்கே போயிற்று. வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. உள்ளே கை தெரியவில்லை. எல்லா ஊசியும் நின்றது. முதலாளி தீப்பெட்டியைத் துழாவினார். ஒரே ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. சர்ர்... சர்ர்...

அண்ணாச்சியின் கத்தி.

என் வாய் சும்மா இருக்குமா? "வெளக்கு எதுக்கு மொதலாளி? அண்ணாச்சியே போதும். எண்ணெ வேண்டாம், திரி வேண்டாம்!"

கொட்டகையே சிரித்தது. முதலாளியும்தான். சிரித்தபடியே அரிக்கேனை ஏற்றி அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினார். அண்ணாச்சியின் இமைகூட அசையவில்லை.

"செல்லையா, என் கையில என்ன இருக்கு?"

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். "மண்ணெண்ண வாட அடிக்கு... பெட்ரோமாக்ஸா மொதலாளி?"

மறுபடி சிரிப்பு. இந்த முறை முதலாளி சிரிக்கவில்லை. "கத்தியக் கீழ வை. நாளைக்கு வராத."

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. பல்பு பளீரென்று எரிந்தது. யாரும் வேலையைத் தொடவில்லை. அண்ணாச்சியின் கையைப் பிடித்து வாசலுக்கு நடத்தினேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"ஏலே, கரண்டு வந்துட்டா?"

"இன்னும் வரல அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. ஒருத்தனும் பாக்கமாட்டான்" என்று நின்று, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார். கொட்டகையில் இருந்த பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி அரிக்கேனையே வைத்துக்கொண்டார். "கண்ணு உள்ளவனுக்கு இது போதும்" என்றார்.

செம்பூர்க் கடையிலிருந்து அன்றைக்கே பஸ் ஏறித் தாராவிக்குப் போய்ப் பார்த்தேன். கொட்டகை இல்லை. பெரிய கட்டடம், வாசலில் வரிசையாகப் பல்புகள். செல்லையா அண்ணாச்சியைத் தெரியுமா என்று நாலு பேரிடம் கேட்டேன். எந்தச் செல்லையா என்றார்கள். கண் தெரியாதவர் என்று அடையாளம் சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் தாமதமாக, அந்தச் சத்தியத்தை அன்று காப்பாற்றினேன்.