காலிதீன் சேர் நீக்கிய ஒன்பதாவது கட்டம்

ஒரே விசயத்தை இரண்டு தரம் எழுதினால் காலிதீன் சேருக்குப் பிடிக்காது. மனைவி கொடுக்கும் சாமான் துண்டில் சீனி இரண்டு இடத்தில் இருந்தால், ஒன்றை வெட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார். சீனியென்று நினைத்துத் தேயிலையை வெட்டி, வீடு வந்து ஏச்சு வாங்கிய நாளும் உண்டு. சாய்ந்தமருதில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் ஒரு வட்டவிதானையின் மகனாகப் பிறந்து, வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்ற சண்டைகளைக் கேட்டு வளர்ந்து, கொழும்பில் கணினி படித்து, கடைசியில் ஊர்ப்பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே விரிவுரையாளராக வந்து உட்கார்ந்தவர். வயது நாற்பத்திரண்டு. நல்ல மனிதர். தான் செய்தது சரி என்பதில் மட்டும் அவருக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிந்தது. பிரதான வீதியில் பட்டாசு வெடித்தது. பக்கத்துத் தமிழூர் காரைதீவிலிருந்து வரும் விரிவுரையாளர் கஜேந்தினி அந்தக் கிழமை மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. வந்த பிறகும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் துறையில் கூட்டம் வைத்து, இனி சோதனைச்சாவடிகளில் மறிபட்டு நிற்கத் தேவையில்லை, தூர இடத்துப் பிள்ளைகளும் சனிக்கிழமைகளில் வந்து படிக்கலாம், ஆகவே பட்டம் முடித்தவர்களுக்கு முதுமாணி வகுப்பு ஒன்றைச் சிறியதாகத் தொடங்குங்கள் என்றார்கள். பொறுப்பு காலிதீனுக்கும் கஜேந்தினிக்கும்.

மாதிரி வழியாக மென்பொருள் செய்வதுதான் பாடம். கேட்கப் பெரிதாக இருக்கும், விசயம் சின்னது. புரோகிராமை வரி வரியாக எழுதத் தொடங்குவதற்கு முன், எதைப் பற்றி எழுதுகிறோமோ அதைப் பெட்டியும் கோடுமாக வரைந்துகொள்வது. இது ஆள், இது வீடு, இந்த ஆளுக்கும் இந்த வீட்டுக்கும் இன்ன உறவு என்று. படம் ஒழுங்காக இருந்தால் மிச்சத்தைக் கணினியே எழுதித் தரும். படத்தில் ஒரு கோட்டை மாற்றினால் ஆயிரம் வரி தானாக மாறும். இந்தக் கடைசி வசனத்தைச் சொல்லும்போது காலிதீனின் முகத்தைப் பார்க்க வேண்டும்; மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

ஏழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். பன்னிரண்டு சனிக்கிழமை. இருவரும் உட்கார்ந்து கிழமை கிழமையாகப் பிரித்தார்கள். உதாரணம் எதை எடுப்பது என்பதில் பேச்சு நின்றது. புத்தகங்களில் எல்லாம் நூலகமும் ஹோட்டல் அறைப் பதிவுந்தான். அறுகம்பேக்கு அலை பார்க்க வரும் வெள்ளைக்காரரை விட்டால் இந்தக் கரையில் எவன் ஹோட்டலில் அறை பதிகிறான் என்று காலிதீன் சிரித்தார். தன்னிடம் சொந்த உதாரணம் இருக்கிறது, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அதையே வைத்துப் படிப்பிக்கலாம் என்றார்.

அது சுனாமிப் பட்டியல். 2005இல் ஒரு நிவாரண அமைப்பு, கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாக உள்ளுக்கு நூற்றி நாற்பது வீடு கட்டிக் கொடுத்தது. விண்ணப்பங்களைப் பதிய, பட்டியல் போட, ஒப்படைப்புக் கடிதம் அச்சடிக்க ஒரு மென்பொருள் கேட்டார்கள். காலிதீன் சம்பளம் வாங்காமல் மூன்று கிழமையில் செய்து கொடுத்தார். படம் மட்டுந்தான் அவர் வரைந்தது, மிச்சமெல்லாம் தானாக வந்தது. கொழும்பு மாநாட்டில் அதைப்பற்றிக் கதைத்து கைதட்டும் வாங்கியிருக்கிறார்.

அந்த நூற்றி நாற்பதில் ஒன்றில்தான் அவருடைய ஒரே தங்கை றாஹிலா இருக்கிறாள். இருக்கிறாள் என்று சொல்வதும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். இந்தக் கரையில் முஸ்லிமானாலும் தமிழரானாலும் வீடு பெண்ணுக்கு; மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து ஏறுவார். றாஹிலாவுக்கு வாப்பாவும் காலிதீனும் சேர்ந்து கடற்கரைப் பக்கம் வீடு கட்டினார்கள். அது முடியட்டும் என்று காலிதீன் தன் கலியாணத்தை நாலு வருடம் தள்ளிப் போட்டார். அந்த வீட்டைக் கடல் எடுத்தது, உம்மாவையும் எடுத்தது. கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. புது வீடு கிடைத்தபோது கடிதத்தில் இருந்த பெயர் கணவன் சாலிஹ். புருசன் பேரில் இருந்தால் என்ன, தலைக்குமேல் கூரை வந்ததே என்று எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள்.

போன வருடம் சாலிஹ் தலாக் சொல்லிவிட்டு வேறு கலியாணம் முடித்தார். இப்போது, வீடு என் பெயரில் இருக்கிறது, மாத முடிவுக்குள் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறு, புதுப் பெண்சாதியோடு குடிவரப் போகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். றாஹிலா பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். வருகிற புதன்கிழமை விசாரணை. நான் அந்தப் படிவத்தில் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அவள் நாலு வருடமாகச் சொல்லி வந்தாள். யாரோ ஒரு கிளாக்கர் சோம்பேறித்தனமாக வெட்டியிருப்பான் என்று காலிதீனும் அவளோடு சேர்ந்து கிளாக்கர்மாரை ஏசி வந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். முதல் வகுப்பில் காகிதப் படிவத்தையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்று கஜேந்தினி சொல்ல, காலிதீன் பழைய கோப்பையும், வேலை முடிந்தபின் அமைப்பு அவரிடமே விட்டுப்போன படிவக் கட்டையும் தூசு தட்டிக் கொண்டுவந்தார். கஜேந்தினி படிவத்தில் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக மாதிரியோடு பொருத்திப் பார்த்தார். படிவத்தில் பதினாலு கட்டம். மாதிரியில் பதின்மூன்றுதான் இருந்தது.

“சேர், இதில ஒன்பதாவத காணல்லியே?”

தேவையில்லாததை நீக்கியிருப்பேன், அதுவும் பாடந்தானே என்று சொல்லிக்கொண்டே காலிதீன் எட்டிப் பார்த்தார். ஒன்பதாவது கட்டத்தில் இருந்தது: அழிந்த வீட்டின் உரிமையாளர் பெயர். அதன் பக்கத்தில் பச்சை மையில், அவருடைய கையெழுத்தில் ஒரு குறிப்பு. ‘உரிமையாளர் என்றால் குடும்பத் தலைவர்தான். நாலாவது கட்டத்தில் இருக்கிறது. தனிப் பெட்டி வேண்டாம். கா.’

அவர் வாய் நியாயம் சொல்லத் தொடங்கியது. மாதிரி வரைவதற்கு முன் இருபது படிவம் பார்த்தேன், காணி உறுதிப் பத்திரங்களையெல்லாம் கடல் கொண்டுபோனதால் சனம் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தது, ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினால் பிழை வரும், உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள் என்று அடுக்கினார். கஜேந்தினி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நான் இரிக்கிற வீடு எண்ட பேரில சேர். அண்ணா கட்டித் தந்தது. உங்கட ஊரில எப்பிடி?”

அவருடைய ஊரில் எப்படி என்று அவருக்கா தெரியாது? செங்கல் சுமந்த தோள் அவருடையது. ஆனால் அந்த மூன்று கிழமையும் அவர் ஊர்க்காரராக இருந்து யோசிக்கவில்லை, புத்தகம் படித்தவராக இருந்தே யோசித்திருக்கிறார். குடும்பம், தலைவர், வீடு. மூன்று பெட்டி, இரண்டு கோடு. அழகான படம். அந்தப் படத்தைப் பார்த்துக் கணினி திரையை வரைந்தது. திரையில் ஒன்பதாவது கட்டம் இல்லாததால், அமைப்பில் விண்ணப்பங்களைப் பதிய இருந்த பிள்ளைகள் அதைப் பதியவில்லை. கடிதங்களில் கணவன்மாரின் பெயர் வந்தது. எந்தக் கிளாக்கரும் எதையும் வெட்டவில்லை.

காலிதீன் கட்டை அவிழ்த்துப் படிவங்களைப் புரட்டினார். முதல் இருபதுக்குப் பிறகு சனம் எழுதித்தான் இருந்தது. நூற்றி நாற்பதில் தொண்ணூற்றாறு படிவத்தில் ஒன்பதாவது கட்டத்தில் பெண்ணின் பெயர். எண்பத்தேழாவது படிவம் றாஹிலாவுடையது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டித் தன் பெயரை எழுதி, கடலோடு போன உறுதியின் இலக்கத்தையும் ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தாள். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அந்த வேலி தான்தான் என்று காலிதீனுக்கு விளங்கியது. விளங்கினாலும் நம்ப முடியவில்லை. கதிரையில் இருந்தபடியே அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

கோப்பை மூடிவிட்டு, நாங்கள் நூலக உதாரணத்தையே எடுப்போமா என்று கேட்டார். கேட்ட குரல் அவருக்கே அசிங்கமாக இருந்தது.

“படிப்பிக்கிறதுக்கு இதவிட நல்ல உதாரணம் கிடையாது சேர்,” என்றார் கஜேந்தினி. “ஆனா அதுக்கு முதல் உங்கட தங்கச்சிட்டப் போய்ச் சொல்லுங்க.”

காலிதீன் பிரதேச செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்த பிழை இன்னது, செய்தவன் நான், தொண்ணூற்றாறு பேரின் பெயரும் இத்துடன் இருக்கிறது என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். அவருடைய கைதட்டுகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டன. எண்பத்தேழாவது படிவத்தைப் போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் தங்கை வீட்டுக்குப் போனார்.

றாஹிலா முன் அறையில் பிள்ளைகளின் உடுப்புகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். காக்கா என்றுதான் அண்ணனைக் கூப்பிடுவாள்; கண்டதும் எழும்பினாள். அவர் கொப்பியை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அவள் அப்படிச் சிரித்து அவர் கண்டது உம்மா இருந்த காலத்தில்.

“பாத்தீங்களா காக்கா, நான் எழுதித்தானே இரிக்கன். பொய் சொல்றன் எண்டு எல்லாரும் சிரிச்சாங்களே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வெட்டினவன் ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டீங்களா?”

காலிதீன் இருபது வருடமாக மேடையில் நின்று கதைத்தவர். இப்போது வந்தது இரண்டே சொல்.

“நான்தான் புள்ள.”

அவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவர் கடிதத்தைக் கொடுத்தார். அவள் ஒருதரம் வாசித்தாள், பிறகு கையொப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். புதன்கிழமை தானே வந்து அதிகாரியின் முன் நின்று இதைச் சொல்வதாகவும், வீடு கிடைக்குமா என்று தெரியாது, ஆனால் படிவம் பொய் சொல்லாது என்றும் அவர் ஏதேதோ சொன்னார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கடிதத்தை மடித்துப் பிள்ளைகளின் உடுப்புகளுக்கு மேலே வைத்தாள்.

“நாலு வரிசமா அஞ்சு நேரமும் தொழுதிட்டு நான் பதுவாச் செய்யிறன், சாபம் கேக்கிறன் காக்கா,” என்றாள் கடைசியில். “எண்ட பேர வெட்டினவன்ட ஊட்டுப் பொம்புளப் புள்ளைகளும் என்னப் போல தெருவில நிக்கோணும் எண்டு கேட்டனான். அவன்ட ஊட்டுப் பொம்புளப் புள்ள நான்தானே.”