சருகு மூடிய பன்னீர் ரோஜா

செடி வளர்ப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், முப்பது வருஷமாக என் கைபட்டு வளர்கிறது. அதனால் முழங்கால் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கிளம்பிய என் மனைவி, போடி வீட்டு வாசலில் நின்ற பன்னீர் ரோஜாவைக் காட்டி, "இத மட்டும் பாத்துக்கங்க" என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிக்கிற விஷயமில்லை. தேவாரத்தில் இருந்த அவளுடைய அக்கா ஒடித்துக் கொடுத்த குச்சி அது. அக்கா போன வருஷம் இறந்துவிட்டார். அங்கே நின்ற தாய்ச்செடியும் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கருகிவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

ஏலத்துக்குச் செய்வதையெல்லாம் நான் அதற்குச் செய்தேன். வெயில் படக்கூடாதென்று பச்சை வலை கட்டினேன். ஜீப்பில் மலையிலிருந்து ஒரு சாக்குச் சருகு கொண்டுவந்து வேரை மூடினேன். சருகு காயக்கூடாதே என்று காலையும் மாலையும் தண்ணீர் வேறு. ஏலம் பூப்பது தரையோடு தரையாக, தூரிலிருந்து படரும் சரத்தில். அந்தப் பழக்கத்தில் தினமும் குனிந்து ரோஜாவின் தூரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நிமிர்ந்து பார்த்தால், இலையெல்லாம் மஞ்சளாகிப் பாதி கொட்டியிருந்தது. குச்சிகள் நுனியிலிருந்து கருத்துக்கொண்டு வந்தன.

ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் படுத்திருந்த மனைவி அன்றைக்குப் பார்த்து வீடியோ காலில் செடியைக் காட்டச் சொன்னாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்து வீட்டு ரோஜாவைக் காட்டினேன்.

"அது நம்ம செடி இல்லைங்க. நம்மளதக் காட்டுங்க."

காட்டினேன். அழுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏலம்னு நெனச்சுட்டீங்களாக்கும்? இது வெயிலத் தின்னு வளர்ற செடிங்க. வலைய அவுருங்க, சருக வாருங்க. கத்தரியக் கொண்டாங்க, வெரசா!"

எந்தக் கணுவுக்கு மேலே வெட்டுவது, எந்தப் பக்கம் சாய்த்து வெட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உள்ளே பச்சை தெரியும் வரை வெட்டச் சொன்னாள். வெட்ட வெட்டக் கருப்பாகவே வந்தது. நான் தயங்கினாலும் அவள் விடவில்லை. ஒரு முழம் மிஞ்சியபோதுதான் பச்சை தெரிந்தது. முப்பது வருஷ விவசாயி நான். கையகலத் திரையில் பார்த்தே ஒரு செடியைப் பிழைக்க வைத்தவள் அவள். அன்றைக்கு அவளை நினைத்து எனக்கு அப்படியொரு பெருமை.

இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கினாள். புதுக் கிளையில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. பறிக்காமல், குனிந்து முகர்ந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு மனசு உறுத்தியது. "போறதுக்கு முன்னாடி ஒரு குச்சிய யார்கிட்டயாச்சும் குடுத்து வச்சிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"நீங்க இருக்கையில எதுக்குங்க?" என்றாள், நான் என்ன கேட்கிறேன் என்றே புரியாதவளாக.

பக்கத்து வீட்டு ரோஜாவின் பக்கம் திரும்பாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன்.