மூடிய கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள்

அன்புச் சகோதரங்களே, மேடையில் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றிகெட்டவள்.

2006, பனிக்காலம். இங்கே புரோசார்ட் என்ற ஊரில் ஒரு சீன வீட்டுக்கு உதவி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யிங் என்ற மகளும் அவளுடைய அப்பாவும்தான் அங்கே. அப்பாவுக்கு மறதி நோய். இங்கு வந்து படித்த பிரெஞ்சு முதலில் போனது. பிறகு மகளின் பெயர் போனது. தை மாதம் சாப்பாடும் நின்றது. கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வார்.

சிந்திச் சிந்திச் சாப்பிடும் அப்பாவை யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாதென்று, யிங் அவருடைய அறைக் கதவை மூடிவிட்டுத்தான் ஊட்டுவாள். பிறகு குசினி அடுப்படியில் நின்றபடியே தான் எதையாவது விழுங்குவாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இன்னும் மெலிந்தால் பராமரிப்பு இல்லம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே அவருடைய மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"அங்க விட்டா அப்பா பயத்திலயே செத்துப்போவார், அக்கா" என்று யிங் தெரிந்த பிரெஞ்சில் அழுதாள்.

மாதாவே, அவருக்கு ஞாபகத்தைத் திருப்பிக் கொடும் என்று பஸ்ஸிலும் வீட்டிலும் கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இவ்வளவு செபமாலை சொல்லி என்னத்தைக் கண்டனீர்?" என்றார் என் கணவர். ஆண்டவரே, இனி உம்முடைய பாடு என்று செபமாலையை அலுமாரிக்குள் போட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பனி கொட்டி பஸ் நின்றுவிட்டது. யிங் என்னைப் பிடித்து இருத்தி, மேசையில் சோறும் சூப்பும் வைத்து, தானும் இருந்தாள். அவர்கள் வீட்டில் மூத்தவரைக் கூப்பிடாமல் இளையவர் சாப்பாட்டைத் தொடமாட்டார்களாம். அந்தச் சின்ன வயதுப் பழக்கத்தில், மூடிய கதவைப் பார்த்து, "அப்பா, சாப்பிட வாங்கோ" என்று தன் மொழியில் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டதும் விம்மி அழுதாள்.

கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி மனிதர் வந்தார். தன் கதிரையில் அமர்ந்து, சாப்பிடும் குச்சிகளை எடுத்தார். பாதி மேசையில் சிந்தியது. மீதியைச் சாப்பிட்டார்.

அவர் குணமாகவில்லை. மகளின் பெயர் கடைசிவரை வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஆனால் சாகும்வரை அந்த மேசையில் சாப்பிட்டார், தன் கட்டிலிலேயே கண்ணை மூடினார். அதற்கு ஆண்டவருக்கு நன்றி.

இப்போது எங்கள் வீட்டிலும் கூப்பிட்டுத்தான் சாப்பாடு. "இன்னும் கூப்பிடேல்லையே, பசிக்குதப்பா" என்று, அன்று என் செபமாலையைக் கேலி செய்த அதே மனுசன், என் கணவர், காத்திருக்கிறார்.

செபித்துக் களைத்தவர்களே, கதவு மூடியிருக்கிறதென்று உள்ளே கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒரு தரம் கூப்பிடுங்கள்.