நாற்பத்தெட்டு வயசுப் பையன்

செயின்ட் பால் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் லெங் குவேக்குச் சொந்த வீடு உண்டு. ஐந்து பிள்ளைகள், ஒரு பேரன், சனிக்கிழமைச் சந்தையில் கடுகுக்கீரையும் எலுமிச்சம்புல்லும் விற்கிற கடை, எல்லாம் உண்டு. வயதும் நாற்பத்தெட்டு ஆகிவிட்டது. இருந்தும் என்ன? ஊரில் யார் வீட்டிலாவது பன்றி அடித்து விருந்து வைத்தால், பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். லெங் மட்டும் மீசை முளைக்காத பையன்களோடு கார் நிறுத்தும் கொட்டகையில் நின்று பன்றி முடி வழித்துக்கொண்டிருப்பான்.

காரணம் அவனுடைய பெயர். ஹ்மோங் ஆணுக்குப் பிறந்தபோது ஒரு பெயர் வைப்பார்கள். கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் பிறந்தபிறகு, மனைவியின் தகப்பனார் வந்து அதற்கு முன்னால் இன்னொரு பெயரைச் சேர்த்துக் கையில் நூல் கட்டிவிடுவார். அதுதான் பெரிய பெயர். அது வந்த பிறகுதான் ஒருவன் ஆம்பிளை. பஞ்சாயத்தில் வாய் திறக்கலாம், மேசையில் உட்காரலாம். அதை மாமனாரைத் தவிர வேறு யாரும் கொடுக்க முடியாது. லெங்கின் மாமனார் சோங் துவாவோ, கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை.

"டேய் லெங், வெந்நி என்னடா ஆச்சு?" என்று முப்பது வயசுப் பையன் மேசையிலிருந்து குரல் கொடுப்பான். அவனுக்குப் பெரிய பெயர் வந்து ஆறு மாசம்தான் ஆகியிருக்கும். லெங் வெந்நீர் கொண்டுபோய் வைப்பான்.

அமெரிக்க அரசாங்கத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அது பாவம், லெங்குக்குக் குடியுரிமை கொடுத்தது, ஓட்டுக் கொடுத்தது. தாய்லாந்து முகாமில் எழுதிக்கொண்டவர் அவசரத்தில் ஜனவரி ஒன்றாம் தேதி என்று பிறந்தநாள்கூடக் கொடுத்திருந்தார். அவன் தெருவில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள். அத்தனை தாய்மார்களும் சொல்லிவைத்துப் பெற்றார்கள் போலிருக்கிறது. வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சர்ச்காரர் கம்பளிக் கோட்டு கொடுத்தார். அடுத்த வருடம் பிறந்த மூத்த மகனுக்கு நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்தான் லெங். அப்படித்தான் குவே குலத்தில் ஒரு கெவின் வந்து சேர்ந்தான்.

கெவின் பிறந்ததும் லெங் புகையிலைப் பொட்டலத்தோடு மாமனார் வீட்டுக்கு ஓடினான், பெயர் வைக்க அழைக்க. "பனி கரையட்டும்" என்றார் சோங் துவா. பனி கரைந்தது. முழங்கால் வலி வந்தது. முழங்கால் சரியானதும் அவருடைய மூவா குலத்தில் ஒரு சாவு. அதற்கடுத்து ஒரு தடவை டிவியில் மல்யுத்தம் முக்கியமான கட்டத்தில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். அமெரிக்காவில் பனி இருபத்து நாலு தடவை கரைந்துவிட்டது. சாக்குகள் தீர்ந்துபோகிறபோது மட்டும் கிழவர் அந்தத் துணி விஷயத்தை எடுப்பார்.

துணி விஷயம் இதுதான். ஹ்மோங் கல்யாணத்தில் ஒரு கறுப்புக் குடையை மடக்கி, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட தலைப்பாகைத் துணியால் சுற்றிக் கட்டுவார்கள். பெண்ணின் உயிரே அந்தக் கட்டுக்குள் இருக்கிறதாக நம்பிக்கை. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து, பெரியவர்கள்தான் அதை அவிழ்க்க வேண்டும். லெங்கும் ப்ளியாவும் கல்யாணம் செய்துகொண்ட மூன்றாம் நாள், அவிழ்க்க நேரம் பார்ப்பதற்குள், லாவோஸ் பட்டாளம் மலையில் குண்டு போட ஆரம்பித்துவிட்டது. நல்ல நேரமாகப் பார்த்துப் போட்டார்கள். குடையும் கையுமாகக் காட்டுக்குள் ஓடினார்கள். மாமியார் வழியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதம் கிழங்கு தின்று மெக்கோங் ஆற்றங்கரைக்கு வந்தபோது, ப்ளியாவை வேறொரு குடும்பத்தின் தெப்பத்தில் ஏற்றிவிட முடிந்தது. கிழவருக்கு அதில் இடமில்லை. நீந்தவும் தெரியாது. லெங் நாலு மூங்கிலை வெட்டினான். கட்டக் கயிறு இல்லை. குடையிலிருந்த துணியை அவிழ்த்துக் கட்டினான். மாமனாரை அதில் படுக்கவைத்து, தான் பின்னால் நீந்திக்கொண்டு தள்ளினான்.

கிழவர் பிழைத்தார். பிழைத்தவர் இருபத்தாறு வருடமாக அந்தத் துணியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்.

இந்த இலட்சணத்தில்தான் கெவினுக்குக் கல்யாணமாகி ஒரு மகனும் பிறந்தான். அவனுடைய மாமனார் லோர் குலத்துக்காரர், சுறுசுறுப்பான மனுஷர். குழந்தை குப்புறப் படுப்பதற்குள் மாப்பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தேதி குறித்துவிட்டார். அன்று சாயங்காலம் கீரைக்கட்டுகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த புருஷனிடம் ப்ளியா வந்து நின்றாள்.

"என்னங்க, நம்ம கெவினுக்கு அடுத்த மாசம் பேர் வைக்கிறாங்களாம். 'ஞியா கெவின்'னாம்."

"வச்சிக்கட்டும். ஞியான்னா வெள்ளியாச்சே. நல்லாத்தான் இருக்கு, பாதி வெள்ளி, பாதி வெள்ளைக்காரன்."

"சிரிக்காதீங்க. அன்னிக்கு அவன் மேசையில உக்காருவான். நீங்க எங்க உக்காருவீங்க?"

"கொட்டகையில. எனக்குன்னு ஒரு கத்தியே வச்சிருக்காங்களே."

"பெத்த பையனுக்கு நீங்க ஊத்திக் குடுக்கணுங்க. 'பெரியவரே, குடிங்க'ன்னு அவன்கிட்ட நீங்க சொல்லணும். உங்களுக்கு வேணா மானம் மரத்துப்போயிருக்கும், எனக்குப் போகல."

லெங் கீரைக்கட்டைக் கீழே வைத்தான். அவனுக்கும் மரத்துப்போகவில்லை. அதைவிட மோசம், மறுநாள் கெவினே வந்தான். "அப்பா, நான் வேணா கொஞ்ச வருஷம் தள்ளிப்போடச் சொல்லவா? தாத்தா மனசு மாறுற வரைக்கும்?" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. மகன் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பான். இரக்கப்பட்டதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது. அன்றைக்கே கல்யாணம் பேசி முடிக்கிற சாய் சூவாவைக் கூப்பிட்டுக்கொண்டு, புதுப் புகையிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு கிளம்பினான். இந்தத் தடவையும் கிழவர் பொட்டலத்தைத் தொடவில்லையென்றால் இனி அவர் வாசற்படி மிதிப்பதில்லை என்று முடிவு.

சோங் துவா ஐந்து தெரு தள்ளி இளைய மகன் வீட்டு மாடியில் இருந்தார். டிவியில் ஒரு குண்டன் இன்னொரு குண்டனைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு, லெங்கா? எம்பொண்ணு உயிரை அவுத்து மூங்கில் கட்டினவனா?"

"மாமா, அந்த மூங்கில்ல சொகமா படுத்துக்கிட்டு வந்தது யாரு? நீங்கதானே?" என்றார் சாய் சூவா. அவருக்கு நாக்குதான் பிழைப்பு.

"நானாய்யா கேட்டேன்? காட்டுல கொடி இல்ல? மரப்பட்டை இல்ல? கல்யாணத் துணிதான் கெடைச்சுதா? பொறுப்பு இல்லாதவன். பொறுப்பு இல்லாதவனுக்கு என்ன பெரிய பேரு வேண்டிக்கிடக்கு? சின்னதே நல்லாத்தானே இருக்கு."

கதவோரம் நின்றிருந்த மச்சான் சிரித்துவிட்டான். லெங்குக்கு உச்சந்தலை வரை சூடேறியது. வாயைத் திறந்தான்.

சொல்ல அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இருபத்தாறு வருடமாக யாரிடமும், ப்ளியாவிடமும்கூடச் சொல்லாத வாக்கியம். ஆற்றின் நடுவில் மூங்கில் ஒரு பக்கம் பிரிந்தபோது, சோங் துவா, மூவா குலத்துப் பெரியவர், மூன்று ஊருக்கு நியாயம் சொன்னவர், லெங்கின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சும்மா அழவில்லை. "அப்பா, என்னை விட்டுராதப்பா. அப்பா, அப்பா" என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கதறினார். இருபத்திரண்டு வயசுப் பையன், "விடலப்பா, அழாத" என்று பதிலும் சொன்னான். கரையேறியதும் கிழவர் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, துணி நனைந்துபோச்சே என்று திட்ட ஆரம்பித்தார். தானே அப்பா என்று கூப்பிட்ட ஒருவனுக்குக் கிழவர் எப்படிப் பெயர் வைப்பார்? அதுவும் பெயர் வைக்கிற மேசையில் நாலு கிண்ணம் உள்ளே போனால் யார் வாயிலிருந்து என்ன வருமோ, யார் கண்டது?

இப்போது சொன்னால் போதும், மச்சான் சிரிப்பு அடங்கிவிடும். லெங் கிழவரைப் பார்த்தான். அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மடியிலிருந்த ரிமோட் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கிழவர் பயந்துபோயிருந்தார்.

லெங் வாயை மூடிக்கொண்டான். சாய் சூவா தடுப்பதற்குள் முழங்காலிட்டுத் தலை தரையில் படக் கும்பிட்டான்.

"தப்புதான் மாமா. அவுத்திருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

கிழவர் டிவியை அணைத்தார்.

"வேற எதுனா சொல்லணுமா?" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் இல்ல மாமா."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

சோங் துவா அவன் தலையைப் பார்த்தார். பிறகு குனிந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

படியில் இறங்கும்போது சாய் சூவா பொருமித் தள்ளினார். "நான் பேசிக்கிட்டு இருக்கேன், உன்னை யாருய்யா விழச் சொன்னது? அரை மணி நேரத்துக்குப் பேச்சு வச்சிருந்தேன், எல்லாம் வீண்!"

கெவினுக்குக் குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால், லெங் வீட்டில் பன்றி அடித்தார்கள். மேசை போட்டார்கள். மூவா குலம் முழுக்க வந்திறங்கியது. கொடுக்க மனசில்லாத பெயருக்குச் சாப்பிட மட்டும் நாற்பது பேர். இரண்டு சுற்று சாராயம் ஓடியதும், இந்த மாப்பிள்ளை எப்படிப்பட்டவன், எதற்காகப் பெயர் கொடுக்கிறேன் என்று மாமனார் சொல்ல வேண்டும், அதுதான் முறை. எல்லோரும் துணிக் கதைக்குத் தயாரானார்கள். மச்சான் இப்போதே சிரிக்க வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

சோங் துவா மூன்றாவது கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஆத்துல மூங்கில் பிரிஞ்சிடுச்சு," என்றார். "நான் இவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன். இவனை அப்பான்னு கூப்பிட்டேன். ஒரு தடவை இல்ல, கரை வர்ற வரைக்கும்."

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. ப்ளியா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"நாளைக்குச் சொல்லுவான், அடுத்த மாசம் சொல்லுவான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நான் எவ்வளவோ பேசிட்டேன், நாய்க்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டேன். இவன் வாயத் தெறக்கல. இருபத்தாறு வருஷம். ஒரு தடவகூடச் சொல்லிக் காட்டல. அதத்தான்யா என்னால பொறுக்க முடியல."

எண்பதை நெருங்குகிற கிழவர், நாற்பது பேர் முன்னால், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லெங் தலையைக் குனிந்துகொண்டு கண்ணீரை மென்று முழுங்கினான். நூல் கட்டக் கிழவரின் விரல்கள் மக்கர் பண்ணின. மணிக்கட்டை அசைக்காமல் நீட்டிக்கொண்டே இருந்தான்.

முடிச்சுப் போட்டு நிமிர்ந்து, சோங் துவா கிண்ணத்தை உயர்த்தினார்.

"செர் லெங்! வா, வந்து எம்பக்கத்துல உக்காரு."

யாரும் வரவில்லை. கிழவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். லெங் தலையைத் திருப்பி, அந்தப் பெரிய மனுஷன் யார், எங்கே இருக்கிறான் என்று பின்னால் தேடிக்கொண்டிருந்தான்.

"உங்களத்தாங்க," என்றாள் ப்ளியா.

செர் லெங் எழுந்து போய் மேசையில் உட்கார்ந்தார்.