விண்ணப்பத்தில் பிறந்த தேதி

என் கணவர் மஸ்கட்டிலிருந்து இரண்டு பள்ளிகளின் விவரப் புத்தகங்களை அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கடிதம்: “நீயும் பிள்ளையும் இங்கே வந்துவிடுங்கள். பள்ளி விஷயம், நீதான் டீச்சர், உனக்குத்தான் தெரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பு.” பதினோரு வருஷமாகக் கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அணில், ஆடு, இலை என்று கத்திக்கொண்டிருந்தவளுக்கு வெளிநாட்டுப் பள்ளியைப் பற்றி என்ன தெரியும்? பொறுப்பைத் தலையில் கட்டும்போது மட்டும் நான் டீச்சர். மற்ற நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.

ஒன்று இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளி. நம் பாடம்தான், ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நுழைவுத் தேர்வு உண்டு. என் பெண்ணோ நான்காம் வகுப்பு வரை என் பள்ளியிலேயே தமிழில் படித்தவள். இந்தியில் ஓர் எழுத்து தெரியாது. மற்றது பல நாட்டுப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளி. தேர்வே கிடையாது. ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தருவார்களாம். படங்களில் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தார்கள். என் வகுப்பில் ஒருத்தன் அப்படிப் படுத்திருந்தால் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். இருந்தாலும் மனசு அந்தப் பள்ளியின் பக்கம்தான் சாய்ந்தது. அங்கே ஒரே ஒரு விதி: பிள்ளை எதுவரை படித்திருந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்காரவைப்பார்கள்.

பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றுவிட்டது.

மலையடிவாரத்திலிருந்து முதல் வகுப்பில் சேர வருகிற பிள்ளைகளின் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. “கம்பு அறுப்புல பொறந்தான் டீச்சர்” என்பார்கள். தலைக்கு மேலாகக் கையைப் போட்டு மறுபக்கக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. ஜூனில் ஏதோ ஒரு தேதியை நானே எழுதிக்கொள்வேன். கல்வராயன் மலையடிவாரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு நான்தான் பிரம்மா.

என் பெண்ணுக்கும் அதையே செய்தேன். கணவர் வெளிநாட்டில் இருந்தார், அவளை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான்கு வயதுகூட நிரம்பாதவளை, கை காதுக்கு எட்டவே எட்டாதவளை, ஐந்து என்று எழுதி முதல் வகுப்பில் உட்காரவைத்தேன். ஆவணியில் பிறந்தவள் முந்தின வருஷத்து ஜூனில் பிறந்தவளாகிவிட்டாள். அதே தேதிதான் பின்னால் பாஸ்போர்ட்டிலும் ஏறியது. காகிதத்தில் ஒன்பது வயது, உண்மையில் எட்டு. ஆங்கிலமே தெரியாத சின்னப் பெண்ணை, அவளைவிட ஒரு தலை உயரமான பிள்ளைகளோடு உட்காரவைத்துவிடுவார்கள்.

அந்த வாரம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. போராட்டத்தில் இருந்த என் அண்ணன் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா இது? நம்ம புள்ளைங்களுக்கு சீட்டு வேணும்னு நாங்க ரோட்ல கெடந்துகினு இருக்கோம். நீ புள்ளய வெள்ளக்காரன் பள்ளிக்கூடத்துல வுடப் போறியா? நாளைக்கு டாக்டருக்குப் படிக்கத் திரும்பி வந்தா அந்தப் படிப்ப இங்க எவன் ஒத்துக்குவான்? பேசாம இந்தியப் பள்ளிக்கூடத்துலயே போடு.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் என் கஷ்டம்.

என் பெண் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தவள். பேரூராட்சிப் பதிவேட்டில் உண்மையான தேதி இருக்கும், அதைக் காட்டினால் சின்ன வகுப்பில் உட்காரவைப்பார்கள் என்று நினைத்தேன். போராட்டம் ஓய்ந்த மறுநாளும் பஸ் ஓடாததால் அண்ணனே மொபெட்டில் கூட்டிப்போனார். புளியமரம் குறுக்கே கிடந்த இடத்திலெல்லாம் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். “இத நாங்கதான் சாய்ச்சோம்” என்று ஒரு மரத்தைக் காட்டி மூச்சு வாங்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

அலுவலகத்து எழுத்தர் பதிவேட்டில் தேடி எடுத்துவிட்டார். “ஆவணிதான் டீச்சர். சர்ட்டிபிகேட் எழுதித் தரேன். ஆனா பாஸ்போர்ட்ல வேற தேதி இருக்குதுன்றீங்க. ரெண்டையும் காட்டுனா எது பொய்னு கேப்பாங்க. பள்ளிக்கூடத்துல எழுதுனது யாருங்க?”

சான்றிதழை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விஷயத்தை எழுதியதற்கு, “பாஸ்போர்ட்டில் கை வைத்தால் விசாவும் போகும், உன் வேலையும் போகும், சும்மா இரு” என்று கணவரிடமிருந்து நான்கே வரியில் பதில் வந்தது. மனசு சாய்ந்த பள்ளிக்கே விண்ணப்பித்தேன். கட்டத்தில் ஜூன் என்று எழுதினேன். செய்தது சரியா என்று விமானத்தில் ஏறும்வரை தெரியவில்லை, இறங்கிய பிறகும் தெரியவில்லை.

சேர்க்கை அன்று கணவர் வேலைக்குப் போய்விட்டார். நானும் மகளும் மட்டும் தலைமையாசிரியையின் எதிரில் உட்கார்ந்திருந்தோம். வெள்ளைக்கார அம்மா, சிரித்த முகம். வயதைக் கேட்டால் ஒன்பது என்று ஆங்கிலத்தில் சொல்ல ஒரு மாதமாகப் பெண்ணைப் பழக்கியிருந்தேன். அந்த அம்மாவோ வயதைக் கேட்கவில்லை. “உன் பிறந்தநாள் எப்போது?” என்று கேட்டார். அவள் சேரப்போகிற வகுப்பில் எல்லாருடைய பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுவார்களாம்.

என் பெண்ணுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்: “வூட்டுப் பொறந்த நாள சொல்லட்டுமா, பள்ளிக்கூடத்துப் பொறந்த நாள சொல்லட்டுமா?”

“என்ன கேட்கிறாள்?” என்றார் தலைமையாசிரியை.

சான்றிதழ் மடியிலிருந்த பைக்குள்தான் இருந்தது. என் கை பையின் மேல் இருந்தது. கையை எடுத்துவிட்டு, “தண்ணீர் கேட்கிறாள்” என்றேன்.

அவரே எழுந்துபோய் ஒரு பெரிய கண்ணாடித் தம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினார். தாகமே இல்லாத என் மகள் அதை இரண்டு கையாலும் வாங்கி, என்னைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.