மெரியானா செய்த போன்

எங்கள் பக்கத்து வீட்டு மெரியானா மீன் ஆலையில் நின்றே வேலை பார்ப்பவள். லீவு நாளில் மலைக்காட்டுக்குப் போய், கிவிப் பறவையின் குஞ்சுகளைத் தின்னும் பிராணிகளுக்குப் பொறி வைப்பாள்.

அன்று காலை அவள் கணவன் ஹோஹெபாவின் பன்றி வேட்டை நாய் டூக் ஒரு கிவியைக் கவ்வி வந்து வாசலில் போட்டது. பறக்க முடியாத அந்தப் பறவைக்கு ஒரு கடியே போதும். காலில், இருப்பிடம் காட்டும் வனத்துறையின் கருவி இருந்தது. அடைகாக்கும் ஆணுக்குத்தான் எங்கள் மலையில் அதைக் கட்டுவார்கள்.

“பேசாம புதைச்சிடு மெரி. தெரிஞ்சா டூக்கைக் கொன்னுடுவாங்க,” என்றான் ஹோஹெபா.

“முட்டை ஆறிக்கிட்டிருக்கு. பொந்து எங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.”

“பன்னிக்கறி திங்கறப்ப மட்டும் டூக் நல்லவனாக்கும்?”

“ராத்திரி அவனைக் கட்டுனியா நீ?”

ஹோஹெபா வாசலில் கிடந்த சங்கிலியைக் கையில் எடுத்தான்.

“நானும் பாக்கல. அலுப்புல படுத்துட்டேன்,” என்றபடி அவள் போனை எடுத்தாள். வனக்காவலரிடம் கிவியின் கருவி எண்ணைச் சொன்னாள்.

“சீக்கிரம் பொந்துக்குப் போங்க, முட்டையில இன்னும் சூடு இருக்கும். நாய் எங்களோடதுதான். இங்கயே இருக்கு.”

பிறகு ஆலைக்குப் போகாமல், டூக்கின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி வாசலிலேயே உட்கார்ந்தாள்.