உலகச் செய்தியும் உலர்ந்த சம்பலும்

“...சரி, குலுங்குச்சி. குலுங்கி முடிஞ்சதும் என்ன செஞ்சாங்க, அதச் சொல்லுங்கண்ணே” என்றார் கடைக்காரம்மா, தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துப் பக்கம் அவருடைய சாப்பாட்டுக் கடை. லோரி ஓட்டி ஓய்ந்த நான் காலையில் அங்கே தே தாரிக் குடித்தபடி கைப்பேசியில் உலகச் செய்திகளை உரக்க வாசிப்பேன். வாசிப்பது என் வேலை. தீர்ப்புச் சொல்வது அவர் வேலை.

அந்த வாரம் தீர்ப்புக்குக் காத்திருந்தவள் அவருடைய ஒரே மகள். ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளை தூர தேசம் கிளம்பினால் நெத்திலியும் மிளகாயும் சேர்ந்த சம்பலைத் தண்ணீர் விடாமல் வறுத்துப் போத்தலில் அடைத்துக் கொடுப்பார்கள், கெடாமல் இருக்க. கடையிலோ தினமும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக்குத் தண்ணீர் விட்ட சம்பல்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

“மாமா, ஜப்பான்ல நல்லது நடந்தா மட்டும் வாசிங்கலா” என்று மகள் என்னிடம் கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

நானும் உலகத்தை வேறு பக்கம் சுற்றிக் காட்டினேன். ஐரோப்பாவில் வெயில் தாங்காமல் சனங்கள் நீரூற்றில் இறங்கி நிற்கிறார்களாம். நம் தோட்டத்தில் மத்தியானம் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களை அங்கே அனுப்பினால் வெயிலில் நிற்கப் பழக்கிவிடுவார்கள் என்றார் கடைக்காரம்மா. நிலாவுக்கு மறுபடி விண்கலம் போனதற்கு, கிள்ளான் பஸ் நேரத்துக்கு வர யாராவது ஏதாவது அனுப்புவார்களா என்று கேட்டார். சீனாவில் இயந்திரம் மீ நூடுல்ஸ் சமைக்கிறது என்றேன். “கொழம்பு கொஞ்சம் கூட ஊத்துன்னா ஊத்துமா அது?” என்றார். ஏதோ ஒரு குட்டி நாடு பெரிய நாட்டைக் காற்பந்தில் தோற்கடித்த அன்று எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு வடை கூடுதலாக வந்தது.

வியாழக்கிழமை என் சாமர்த்தியம் செல்லவில்லை. நான் கைப்பேசியைத் திறக்குமுன் கடைத் தொலைக்காட்சியே ஜப்பானில் நிலநடுக்கம் என்று சொல்லிவிட்டது. கடைக்காரம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னை வாசிக்கச் சொன்னார். அலமாரிகள் சாய்ந்தன என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அப்போதுதான், குலுங்கி முடிஞ்சதும் என்ன செஞ்சாங்க என்று கேட்டார்.

மிச்சத்தை வாசித்தேன். உயிருக்குச் சேதமில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் நடக்க முடியாதவர்களை முதுகில் சுமந்து திடலுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். பிறகு அங்கேயே பெரிய பானையில் கஞ்சி வைத்து எல்லாருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

“யாரு சொமந்தது?”

“அங்க வேலை செய்யற பொண்ணுங்கதாம்மா.”

கல்லில் தோசை கருகியது. அந்தக் கடையில் நான் பார்த்த முதல் கருகல். அவர் அதைச் சுரண்டி எடுத்துப் போட்டார்.

“அந்தக் கெழடுங்களுக்கும் பெத்த புள்ள எங்கயோ தூரத்துலதான் இருக்கும்போல” என்றார். கொஞ்சம் கழித்து, “நாளைக்கு பதில் சொல்லணும்லா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் தோசைக்கல்லை இறக்கி வைத்தார். வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பெரிய வாணலியை ஏற்றினார். இருந்த நெத்திலி முழுவதையும் கொட்டி, அரைத்த மிளகாயைப் போட்டுக் கிளறத் தொடங்கினார். தண்ணீர் ஊற்றவில்லை.